பேரில் இருக்கிற ஊர்

விளாத்திகுளம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் காலையில் ஆஜர் எடுப்பது ரயில்வே கால அட்டவணையை உரக்க வாசிப்பது மாதிரி இருக்கும். பழனி, சிதம்பரம், காசி, திருப்பதி, ராமேஸ்வரி, செந்தில் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வரும். வேம்பாறு, வைப்பாறு பக்கமிருந்து படிக்க வரும் பிள்ளைகள் இருந்தால் லூர்து, பாத்திமா, சேவியர், வேளாங்கண்ணி என்று வண்டி கடல் தாண்டிப் போய்த் திரும்பும். நடுவில் ஒரு ஸ்டான்லி, ஒரு வாஷிங்டன், ஒரு ஷெர்லி. அத்தனையும் ஊர்ப்பேர். அத்தனைக்கும் "உள்ளேன் ஐயா" சொன்னது, மதுரையைக்கூடப் பார்த்திராத கரிசல்காட்டுப் பிள்ளைகள்.

வாத்தியார் வேலையில் இருந்தவரை இதைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான், போகாத ஊரைப் பேராகச் சுமந்துகொண்டு ஒரு ஆயுளை ஓட்டுகிறோமே, அந்த ஊருக்கும் நமக்கும் என்ன பாத்தியதை என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பழனி என்ற பேர்க்காரன் பழனிக்குப் போய்த்தான் ஆகவேண்டுமா? போகாவிட்டால் அந்தப் பேர் பொய்யாகிவிடுமா?

ஒரு தாயார் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்திருந்தார். பேர் பழனி. விண்ணப்பத்தில் எழுதும்போது, பழனிச்சாமியா, பழனிமுருகனா, பழனிக்குமாரா என்று கேட்டேன். "வெறும் பழனிதான் சார். இவனுக்கு முந்தி ரெண்டு தங்கல. இது தங்குனா ஒம் பேரையே வச்சு கூட்டிட்டு வாரேன்னு நேந்துக்கிட்டேன்" என்றார். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாராம். மிளகாய் விலை கைகொடுக்கிற வருஷம் போய் மொட்டை போட்டுவிட்டு வரவேண்டும் என்றார். பையனுக்குத் தலைமுடி அதற்குள் தோளைத் தொட்டுவிட்டது. மிளகாய் விலை கைகொடுக்கிற வருஷம் என்பது எங்கள் ஊரில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பேர் வைத்த அன்றைக்கே கடனில் பாதியை அந்த அம்மா அடைத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பானைக்குள் இருக்கிற காசு மீதிப் பாதி.

இதைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் பதிவேட்டிலுள்ள மற்றப் பேர்களும் வழிக்கு வருகின்றன. கோவில்பட்டிப் பக்கம் கழுகாசலம் என்று பேர் வைத்தால் அது கழுகுமலை முருகனுக்கு. குற்றாலிங்கம் என்றால் குற்றாலத்துக்கு. வெங்கடாசலம், திருப்பதி, ஏழுமலை மூன்றும் ஒரே மலைக்கு. தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைந்த எங்கள் பகுதியில் அந்த மலைக்குப் பாக்கி வைத்திருக்காத தெருவே கிடையாது. எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதை இந்தப் பேர்கள் சொல்லவில்லை. பெற்றவர்கள் எந்தத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்பதைத்தான் சொல்கின்றன.

கடற்கரைக்கு வருவோம். முத்துக்குளித்துறையில் கல்லெறிந்தால் ஒரு சேவியர்மேல் விழும். சேவியர், சவேரியார், சவரிமுத்து, சவரியம்மாள் எல்லாம் 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியரின் பேர்தான். ஆனால் அவருக்கு அது பேரே கிடையாது, ஊர். இன்றைய ஸ்பெயினின் வடக்கே நவார் பகுதியில் ஹவியேர் என்றொரு கோட்டை இருக்கிறது. அங்கே 1506-ல் பிறந்ததால் அவர் ஹவியேர் ஊர் பிரான்சிஸ். அவர் சிறுவனாக இருந்தபோதே, 1516-ல், நவாரைப் பிடித்தவர்கள் அந்தக் கோட்டையின் கோபுரங்களை இடித்துத் தள்ளினார்கள். 1525-ல் படிக்கப் பாரிசுக்குப் போனவர் அந்தக் கோட்டையில் திரும்ப வாழவே இல்லை. மணப்பாட்டிலும் வேம்பாற்றிலும் வெயிலில் நடந்த மனிதரின் பேரில், இடிந்துபோன ஒரு கோட்டை கூடவே நடந்திருக்கிறது. இன்று அந்தப் பேரில் வலை இழுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு நவார் தெரியும்? தெரியாமல் போனதால் யாருக்கும் நஷ்டமில்லை.

லூர்து பிரான்சில் இருக்கிறது. 1858-ல் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் இடம். நோய் தீர அங்கே போகிறவர்கள் இன்றும் ஏராளம். வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பிரனீஸ் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் லூர்து, இந்தப் பக்கம் ஹவியேர். அங்கே இரண்டு நாடுகளாகப் பிரிந்து கிடக்கிற ஊர்கள் எங்கள் கடற்கரையில் ஒரே வீட்டில் அண்ணன் சேவியரும் தங்கச்சி லூர்துவுமாக ஒரே தட்டில் மீன்குழம்பு சாப்பிடுகின்றன. குமரி மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து போய், 1957-ல் காமராஜர் அமைச்சரவையில் இடம்பெற்ற லூர்தம்மாள் சைமனை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பிரெஞ்சு ஊரின் பேரோடு அம்மாளைச் சேர்த்துக்கொண்டு, மீன்வளத்துறையைக் கவனித்த பெண்மணி அவர்.

பாத்திமாவின் கதை இன்னும் விசேஷம். போர்ச்சுகலில் பாத்திமா என்றொரு சிற்றூர். 1917-ல் அங்கே மூன்று ஆட்டிடைப் பிள்ளைகள் மாதாவைக் கண்டதாகச் சொன்ன பிறகு கத்தோலிக்கக் குடும்பங்களில் பாத்திமாக்கள் பெருகினார்கள். அந்த ஊருக்கு அந்தப் பேர் வந்தது, அரபு ஆட்சி அங்கே இருந்த காலத்தின் மிச்சம். காயல்பட்டினத்திலோ பாத்திமா என்றால் நபிகளாரின் மகள். வகுப்பில் இரண்டு பாத்திமாக்கள் இருந்தால் பாத்திமா மேரி, பாத்திமா பீவி என்று பிரித்துக் கூப்பிடுவோம். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பென்சிலுக்குச் சண்டை போடுவார்கள். பேர் சுற்றிவந்த தூரம் அவர்களுக்கு எதற்கு?

சிரிப்புக்கு ஆளாகிறவர்கள் ஸ்டான்லியும் வாஷிங்டனும்தான். சாயர்புரம், நாசரேத், முதலூர் பக்கத்துப் பேர்கள் என்று கேலி பேசுவார்கள். வாஷிங்டன் என்பது இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கிற ஓர் ஊர். அங்கே நிலம் வைத்திருந்த குடும்பம் ஊரின் பேரைத் தன் பேராக்கிக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் வழியில் அமெரிக்காவில் பிறந்தவர் முதல் ஜனாதிபதியானார். அவரைப் பாடப்புத்தகத்தில் படித்த நம்மூர் வாத்தியார் ஒருவர், மகனும் அப்படி வரட்டும் என்று வைத்துவிட்டார். ஊர், குடும்பம், தலைவர் என்று மூன்று கை மாறித் தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்த பேர் அது. லிங்கனும் அப்படித்தான். லிங்கன் இங்கிலாந்தில் ஒரு பேராலய நகரம். ஷெர்லி ஆதியில் ஊர்ப்பேர், பிறகு குடும்பப் பேர், அப்புறம் ஆண்பிள்ளைப் பேர். 1849-ல் சார்லட் பிராண்டி தன் நாவலின் கதாநாயகிக்கு அதை வைத்தார். மகன் பிறந்தால் வைப்பதற்கென்று எடுத்துவைத்திருந்த பேரைப் பெற்றோர் மகளுக்கு வைத்ததாகக் கதை. அதற்குப் பிறகு அது பெண்களின் பேராகிவிட்டது.

ஃபிளாரன்ஸ் என்ற பேரைப் பாருங்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார், பெற்றோர் அதையே பேராக வைத்துவிட்டார்கள். நேப்பிள்ஸில் பிறந்த அக்காவுக்கு அந்த ஊரின் பழைய கிரேக்கப் பேரான பார்த்தெனோப்பி. வசதியுள்ளவர்கள், சுற்றுலா போன இடத்தில் பிள்ளை பிறந்தது, போன இடத்தின் பேரை வைத்தார்கள். நம் ஊர் ஃபிளாரன்ஸ்கள் வேறு. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய மிஷனரி அம்மையார் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் மாதிரி யாரோ ஒருவர் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார், யாரோ ஒரு நர்ஸ் பிரசவத்தில் உயிரைக் காப்பாற்றியிருப்பார். அவர் பேரைக் கேட்டு வாங்கிப் பிள்ளைக்கு வைத்திருப்பார்கள். அந்தப் பேருக்குள் இத்தாலி இருப்பது வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

தமிழனுக்கு எதற்கு ஸ்டான்லி என்று கேட்பவர்கள் காசியைப் பார்த்து அப்படிக் கேட்பதில்லை. காசியும் இங்கிருந்து வெகுதூரம்தான். இன்னொன்றும் இருக்கிறது. தென்மாவட்டத்தில் பேரைச் சொன்னதும் அடுத்து என்ன யோசிப்பார்கள் என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பேரிலேயே சாதியைத் தேடுகிற ஊர் இது. ஒரு காலத்தில் சில சாதிக்காரர்கள் பிள்ளைக்கு மரியாதையான பேர் வைத்தாலே மேல்தெருவுக்குப் பொறுக்காது. அப்படிப்பட்ட இடத்தில், யார் வாயாலும் திரிக்க முடியாத, எந்தத் தெருவையும் காட்டிக்கொடுக்காத ஒரு சீமைப் பேர் கிடைத்தால் அதை ஒரு தகப்பன் ஏன் விடுவான்? ஸ்டான்லி என்றால் டர்பிஷரில் ஒரு கிராமமா, டர்ஹாமில் ஒரு ஊரா என்பது அவனுக்கு வேண்டாத விஷயம். தன் ஊரில் இல்லாத ஒரு காற்று அந்தப் பேருக்குள் இருந்தது. தமிழ்ப்பேர் வைக்கவேண்டும் என்ற கட்சியில் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கணக்கைச் சேர்க்காமல் பேசுகிற தமிழ்ப்பற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த பிள்ளைக்குச் சிதம்பரம் என்று பேர் வைத்தார்கள். தில்லையின் பேர். வ.உ.சி. என்று நாடறிந்த அந்தப் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார், சிறைக்குப் போனார், செக்கிழுத்தார், வக்கீல் தொழில் செய்யும் உரிமையை இழந்தார். 1912-ல் விடுதலையாகி வெகுகாலம் கஷ்டப்பட்ட பிறகு, அந்த உரிமை திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர், நன்றி என்று வந்தபோது வெள்ளைக்காரனின் பேரை எடுத்து அதோடு ஈஸ்வரனைச் சேர்த்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். பேர் வைப்பதைப் பற்றி இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவருடைய பேரை வைத்தார்கள். ஊரின் பேர் ஆளுக்கு வந்து, ஆளின் பேர் துறைமுகத்துக்குப் போயிருக்கிறது.

ஆனால் பிள்ளைக்கு விளாத்திகுளம் என்று பேர் வைத்தவர் யாரும் என் அனுபவத்தில் இல்லை. இருக்கிற ஊரை யாரும் வேண்டிக்கொள்வதில்லை போல. அந்தப் பேர் கிடைத்தது ஒருவருக்குத்தான். காடல்குடி ஜமீன் குடும்பத்தில் பிறந்து 1965-ல் மறைந்த நல்லப்ப சுவாமிகள். ராகத்தை எடுத்தால் மணிக்கணக்கில் பாடுவார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுத்தாளர்கள் கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் அவர் பாட்டில் கிறங்கியவர்கள். சங்கீத உலகத்துக்கு அவர் விளாத்திகுளம் சுவாமிகள். நல்லப்பன் என்ற பேரைச் சொன்னால் உள்ளூரிலேயே சிலர் விழிப்பார்கள். நாதஸ்வரக் கலைஞர் காருக்குறிச்சி அருணாசலத்துக்கோ முன்னாலும் ஊர், பின்னாலும் ஊர். அருணாசலம் பெற்றவர்கள் கும்பிட்ட திருவண்ணாமலை மலை, காருக்குறிச்சி நாதஸ்வரம் கேட்டவர்கள் சேர்த்துச் சொன்னது. அவர் குடியிருந்ததும் 1964-ல் காலமானதும் இரண்டிலும் சேராத கோவில்பட்டியில். முதல் ஊர்ப்பேரைப் பெற்றோரின் நன்றி கொடுக்கிறது, இரண்டாவதைக் கேட்டவர்களின் நன்றி கொடுக்கிறது. இரண்டாவதற்கு நேர்ந்துகொள்ள வழியில்லை.

இப்போது பேர் வைக்க நியூமராலஜிக்காரரிடம் போகிறார்கள், இல்லாவிட்டால் செல்போனில் தேடுகிறார்கள். எழுத்தைக் கூட்டி எட்டு வரக்கூடாது, ஐந்து வரவேண்டும் என்கிறார்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் யாருக்காக வைத்தது என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரிவதில்லை. எண்ணுக்கு யாரும் நன்றி சொல்ல முடியாது.

பழனி பழனிக்குப் போகவேண்டுமா என்று கேட்டேன் அல்லவா? வேண்டியதில்லை என்பதுதான் என் முடிவு. வேண்டுதல் அம்மாவுடையது. பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டியது, தான் பிறந்தபோது தன் வீட்டார் எதற்குப் பயந்தார்கள், யாரிடம் கையேந்தினார்கள், யார் வந்து உதவினார்கள் என்பதை. உங்கள் பேர் எதுவானாலும் சரி, அம்மாவோ பாட்டியோ இருக்கும்போதே அதைக் கேட்டு எங்கேயாவது எழுதி வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் பேருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, பிறந்த இடத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இதற்குக் கட்டம் கிடையாது.