மூன்று குரல், ஒரு கிழவர்

ஓய்வுநாள் பள்ளியில் எங்கள் டீச்சர் திரித்துவத்தைத் தண்ணீரை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். உறைந்தால் ஐஸ், கொதித்தால் ஆவி, எல்லாம் தண்ணீர்தானே? எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. அது 3ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை தள்ளிவைத்த சபெல்லியஸின் உபதேசம் என்று பிற்பாடு எங்கள் சபை ஐயர் சொல்லிச் சிரித்தார். ஒரே ஆள் மூன்று வேஷம் கட்டினால் மூவராகிவிட மாட்டார் அல்லவா!

மருத்துவம் படிக்க ஜார்ஜியா போனபோது, திபிலீசியின் மிகப் பழைய கோயிலான அஞ்சிஸ்காத்தியில் ஒரு ஞாயிறு காலை நின்றேன். உட்கார பெஞ்சு கிடையாது. ஓரமாக ஆண்கள் சிலர் நெருங்கி நின்று மூன்று குரலில் பாடினார்கள். ஊர் குவாயரில் நான் பேஸ், அதனால் என் காது அடிக்குரலைத்தான் முதலில் தேடும். அங்கே அதற்கு ‘பானி’ என்று பெயர். மெட்டுக்கு முட்டுக்கொடுக்கிற வேலையெல்லாம் பானிக்கு இல்லை. அது தன் போக்கில் போகிறது, மற்ற இரண்டோடும் காது கூசும்படி உரசுகிறது, கடைசியில் மூன்றும் ஒரே சுரத்தில் வந்து நிற்கின்றன. கிரேக்க ஞானி ப்ரோக்ளஸை ஜார்ஜிய மொழிக்குக் கொண்டுவந்து உரையும் எழுதிய இடைக்காலத் தத்துவவாதி யோவானே பெத்ரித்சி, திரித்துவத்துக்கு உவமை தேடி இந்த மூன்று குரல்களிடம்தான் வந்தார். தண்ணீரைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இந்தப் பாட்டு தப்பிப் பிழைத்த விதம் அந்த உவமையையே புரட்டிப்போடுகிறது. 1811இல் ரஷ்யப் பேரரசு ஜார்ஜியத் திருச்சபையின் தன்னுரிமையைப் பறித்தது; பிறகு சோவியத் ஆட்சி. காதால் கேட்டுப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். 1966இல் குரியா வட்டாரத்துப் பாடகர் ஆர்த்தெம் எர்கொமைஷ்விலி எண்பதை நெருங்கியிருந்தார். கூடப் பாட ஆளில்லை. திபிலீசி இசைக் கல்லூரியில் முதல் குரலை டேப்பில் பாடிவைத்தார். அதை ஓடவிட்டு இரண்டாம் குரலைப் பாட, இன்னொரு டேப் ரிக்கார்டர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தது. பிறகு அதன்மேல் பானி. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

டீச்சரின் தண்ணீரேதான்! ஒரே கிழவர், மூன்று வேஷம். சபெல்லியஸ் கேட்டிருந்தால் குதித்திருப்பார்.

ஆனால் அந்த முதல் குரலை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். தனிப்பாட்டு பாடுகிறவர் தன் குரலை நிரப்பிக்கொண்டே போவார். இவர் அப்படிப் பாடவில்லை. வார்த்தையை நீட்டிக் காத்திருக்கிறார், இல்லாத இருவருக்கு இடம் விட்டு. தான் ஒருவன் போதும் என்று நினைக்கிறவன் இப்படிக் காத்திருக்க மாட்டான். சபெல்லியஸ் இங்கேதான் தோற்கிறார் என்பது என் கட்சி. ஐயர் ஒப்புக்கொள்வாரா தெரியாது.

1980களின் இறுதியில் அஞ்சிஸ்காத்தி குவாயரைச் சேர்ந்தவர்கள் போன்ற இளைஞர்கள் இம்மாதிரிப் பதிவுகளையும் பழைய சுரக்குறிப்புகளையும் வைத்துத்தான் பாட்டை மறுபடி கோயிலுக்குள் கொண்டுவந்தார்கள்.

ஒரு ராத்திரி ஹாஸ்டலில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த முதல் குரலுக்கு நானும் பானி பாடிப் பார்த்தேன். இரண்டாவது அடியிலேயே எனக்கு மூச்சு முட்டியது. கிழவர் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அறைத் தம்பி சுவரைத் தட்டினான்.