பைய வாரேன்

தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து மாஹிம் ரயில் நிலையப் பாலத்தை நெருங்கும்போதெல்லாம் அம்மா சொல்லும் வாக்கியம் ஒன்றுதான். “ஏட்டி, நீ போ. நான் பைய வாரேன்.” திருநெல்வேலியை விட்டு வந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் ‘பைய’ மட்டும் அவள் நாக்கை விட்டுப் போகவில்லை. புதன்கிழமைகளில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாஹிம் புனித மிக்கேல் ஆலயத்து நவநாளுக்குப் போவோம். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. மும்பையில் புதன்கிழமை அந்தக் கோயிலுக்குப் போவதற்கு யாரும் அதைக் கேட்பதும் இல்லை. நான் இரண்டிரண்டு படியாக ஏறி, பாலத்தின் மேல் நின்று கடிகாரத்தைப் பார்ப்பேன். அம்மா வந்து சேர்ந்ததும், அவள் மூச்சு வாங்கும் முன்பே நடக்கத் தொடங்கிவிடுவேன். அதற்குப் பெயர் காத்திருப்பது என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

நாற்பத்தேழு வயதில் ஓடத் தொடங்கிய பிறகுதான், பிறர் எனக்காகக் காத்திருக்க வேண்டிய இடத்துக்கு நான் வந்தேன்.

மும்பை மாரத்தான் 2004-இல் தொடங்கியது. ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில், இருட்டு பிரியும் முன்பே, சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்துக்கு எதிரில் ஆயிரக்கணக்கானோர் நெஞ்சில் எண் குத்திக்கொண்டு நிற்பார்கள். அந்த எண் அட்டையை எல்லாரும் ‘பிப்’ என்றுதான் சொல்வோம். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் சின்னப் பட்டைதான் சாலையில் விரித்திருக்கும் பாய்களை நாம் மிதிக்கும்போது நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. குறித்த நேரத்தில் முடிக்க வேகம் காட்டி, கொடி கட்டிக்கொண்டு ஓடும் பேசர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு கூட்டம் சேரும். அதை ‘பஸ்’ என்போம். “நான் நாலரை மணி பஸ்ஸில் போறேன்” என்றால், நாலரை மணி நேரத்தில் முடிக்கும் பேசரோடு ஓடுகிறேன் என்று பொருள். நான் எந்த பஸ்ஸுக்கும் பின்னால் வருகிற ஆள்.

மெரின் டிரைவ், பெடர் ரோடு, ஹாஜி அலி, வொர்லி என்று போய், பாந்திரா–வொர்லி கடல் பாலத்தில் ஏறும்போது என் வேகத்துக்குச் சரியாகப் பொழுது விடியும். மற்ற நாள்களில் நடந்துபோகிறவருக்கு அந்தப் பாலத்தில் இடமில்லை. இரு சக்கர வண்டிக்குக்கூட அனுமதி இல்லை. தாராவியில் பிறந்து, கார் என்ற ஒன்றை வீட்டில் பார்க்காதவள் நான். அந்தப் பாலத்தின் நட்டநடுவில் என் கால்களால் நின்று, மாஹிம் விரிகுடாவுக்கு அப்பால் எங்கள் பகுதி இருக்கும் திசையைப் பார்த்தேன். அதற்காக ஒரு நிமிடம் போனது. போகட்டும் என்று இருந்தது. பாலம் இறங்கித் திரும்பி மாஹிமுக்குள் நுழைந்தால் அதே மிக்கேல் ஆலயம். ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் சாலையைக் கடக்கக் காத்து நின்றார்கள். எங்களுக்காக அவர்கள் நின்றார்கள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது வேறொரு ஊரில், வேறொரு ஓட்டத்தில். அதன் பெயர் வேண்டாம். ஆறரை மணி நேரம் வரை பாதை திறந்திருக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. முப்பத்தேழாவது கிலோமீட்டரில் மேஜைகளை மடக்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் நசுங்கிய காகிதக் கோப்பை. கவிழ்த்து வைத்த கேன். டெம்போவில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் தான் குடித்துக்கொண்டிருந்த பாட்டிலையே நீட்டினான். பாதி இருந்தது. அதில்தான் மீதி ஐந்து கிலோமீட்டரைக் கடந்தேன். முடிவுக்கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது ஒலிபெருக்கி காதில் விழுந்தது: எல்லாரும் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டார்கள், அனைவருக்கும் நன்றி. நான் இன்னும் சாலையில் இருந்தேன். எனக்குப் பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள்.

பதக்கம் தீர்ந்துபோனதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்தான் பல மாதம் உள்ளே கிடந்து அறுத்தது. அந்தச் சொல்லைச் சொன்னவர் கெட்டவராக இருக்க வாய்ப்பில்லை. மேடையிலிருந்து பார்த்தால் வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியாது, அவ்வளவுதான். நானும் பாலத்தின் மேல் நின்றுகொண்டு எத்தனையோ முறை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மெதுவாக ஓடுகிறவருக்கு மாரத்தான் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். மும்பைப் பாதையில் ஆண்களின் சாதனை நேரம் 2023-இல் எத்தியோப்பியாவின் ஹைலே லெமி ஓடிய 2 மணி 7 நிமிடம் 32 விநாடி. அதே 42.195 கிலோமீட்டரில் நான் அவரைப்போல மூன்று மடங்கு நேரம் இருக்கிறேன். முன்னால் போனவர்கள் குளித்துச் சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் பின்னால் வருகிறவர்கள் தலைக்கு மேல் வெயிலோடு பெடர் ரோடு ஏற்றத்தைத் திரும்ப ஏறுகிறார்கள். அது கிட்டத்தட்ட 35-ஆவது கிலோமீட்டர். தசையில் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்து கால் கல்லாகும் இடமும் ஏறக்குறைய அதுவே. இன்னொரு ஆபத்தும் உண்டு. பயந்துபோய் மேஜைக்கு மேஜை வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்கு அந்தக் குறை இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடம் அது அதிகம். ஆக, உப்பும், மருத்துவரும், நிழலும், கவனிக்கும் கண்ணும் அதிகம் தேவைப்படுவது கடைசி இரண்டு மணி நேரத்தில். ஏற்பாடுகள் கரைந்து மறைவதும் அதே நேரத்தில்தான். இது தலைகீழான கணக்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நியூயார்க் மாரத்தானின் கதையை அந்தக் கசப்பான நாள்களில்தான் தேடிப் படித்தேன். 1970-இல் சென்ட்ரல் பார்க்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடிய ஓட்டம். நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். 127 பேர் தொடங்கி 55 பேர் முடித்தார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவரான ஃபிரெட் லெபோவும் ஓடினார். 55 பேரில் 45-ஆவதாக வந்தார். ருமேனியாவில் பிறந்து, நியூயார்க்கில் துணி வியாபாரத்தில் இருந்தவர். இந்த 45 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. 1976-இல் அந்த ஓட்டம் பூங்காவை விட்டு வெளியே வந்து நகரத்தின் ஐந்து பகுதிகளையும் தொட்டுப் போகும் பெருவிழாவாக மாறியபோது அதை முன்னின்று நடத்தியவர், பின்னால் வருகிறவரின் சாலை எப்படி இருக்கும் என்று தன் காலால் அறிந்தவர்.

லெபோவுக்கு 1990-இல் மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. 1992-இல், அறுபது வயதில், தான் வளர்த்த அந்த ஐந்து பகுதிப் பாதையில் முதல்முறையாக முழுதும் ஓடினார். பக்கத்தில் நார்வேயின் கிரேட்டே வைட்ஸ். அதே நியூயார்க் மாரத்தானை ஒன்பது முறை வென்றவர்; இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்கத் தெரிந்த கால்கள். அன்று இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது 5 மணி 32 நிமிடம் 34 விநாடி. கிரேட்டே முன்னால் போய் முடிவுக்கோட்டில் கைதட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஐந்தரை மணி நேரமும் பக்கத்திலேயே ஓடினார். கோட்டைக் கடந்தபோது இருவரும் அழுதார்கள். லெபோ 1994-இல் இறந்தார். பூங்காவில் இருக்கும் அவர் சிலையை மாரத்தான் நாளில் முடிவுக்கோட்டருகே கொண்டுவந்து வைக்கிறார்கள். கிரேட்டே வைட்ஸும் புற்றுநோயில்தான் 2011-இல் போனார்.

அதற்காக நகரம் முழுதும் எனக்காக நாள் முழுக்கக் கதவடைத்து நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆலய வாசலில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஆம்புலன்ஸ் போக வேண்டும். நள்ளிரவு கழிந்ததிலிருந்து நிற்கும் போலீஸ்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். சாலை எல்லாருடையது, ஒரு நேரத்தில் திறந்துதான் ஆக வேண்டும். நியூயார்க்கில்கூட ஒரு நேரத்துக்குப் பிறகு வண்டிகள் வந்துவிடும். பின்தங்கியவர்கள் நடைபாதைக்கு மாறிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் குறையே இல்லை. ஆனால் ஆறரை மணி நேரம் என்று சொல்லிவிட்டால், ஆறு மணி இருபத்தொன்பதாவது நிமிடத்தில் வருகிறவருக்கும் சேர்த்துக் கொடுத்த வாக்கு அது. முதல் ஆளுக்கு வைத்த தண்ணீர் அவருக்கும் இருக்க வேண்டும்.

அதனால் மூன்று வருடமாக, ஓடாத ஆண்டுகளில், பெடர் ரோட்டில் ஒரு தண்ணீர் மேஜையில் நிற்கிறேன். கேட்டு வாங்கிக்கொண்டது கடைசி நேரப் பொறுப்பு. அங்கே போன பிறகுதான் மறுபக்கம் புரிந்தது. ஓட்டக்காரர்கள் முதல் மேஜையில்தான் மோதுவார்கள். “பின்னாடி இன்னும் இருக்கு, முன்னால போங்க” என்று தொண்டை கட்டும்வரை கத்த வேண்டும். கோப்பையை அடியில் பிடித்து நீட்டினால் வாங்குகிறவர் விரல் பட்டுச் சிந்தும். விளிம்பை இரு விரலால் மேலிருந்து பிடித்தால் அவர் நடுவில் பற்றிக்கொள்ளலாம். கூட்டம் பெருகும் ஒன்றரை மணி நேரத்தில் ஒன்றும் யோசிக்க முடியாது, கை தானாக நீளும். அந்த வேகத்தில் கையிருப்பு எல்லாம் போய்விடும். அதனால் விடியற்காலையிலேயே இருபது பெட்டித் தண்ணீரை மேஜைக்கு அடியில் துணி போட்டு மூடிவைப்பேன். உப்புப் பொட்டலம் ஒரு டப்பா. யார் கேட்டாலும் பத்து மணிக்கு முன்னால் அதைத் திறப்பதில்லை. அந்தத் தெருக்காரர்கள் வேறு ஆரஞ்சுச் சுளை, கடலை மிட்டாய், பிஸ்கட் என்று தட்டோடு வந்து நிற்பார்கள். அவர்களிடமும் சொல்லிவைத்தேன், கொஞ்சம் கடைசிக்கு எடுத்து வையுங்கள் என்று. ஒரு பாட்டி இப்போதெல்லாம் பதினோரு மணிக்குத்தான் தட்டை வெளியிலேயே எடுக்கிறார்.

போன முறை கடைசியாக வந்தவர்களில் ஒரு காகா, மராத்திப் பெரியவர். எழுபதை நெருங்கியிருப்பார். இடது காலை இழுத்து வைத்து ஏறினார். பின்னால் நூறடியில் பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளும் பஸ் ஊர்ந்து வந்தது; ஓட்டுநர் ஹாரன் அடிக்கவே இல்லை. காகா என்னைப் பார்த்ததும் தண்ணீர் கேட்கவில்லை. மூடிவிட்டார்களா என்று மராத்தியில் கேட்டார். இல்லை காகா, இருக்கிறோம் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தலையில் ஒரு கோப்பையைக் கவிழ்த்துக்கொண்டார். இன்னொன்றைக் குடித்தார். உப்பை நாக்கில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். போகச் சொல்லி அனுப்புவதுதான் என் வேலை. ஆனாலும் மேஜையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, கெம்ப்ஸ் கார்னர் இறக்கம் வரை அவரோடு நடந்தேன். அவ்வளவு மெதுவாக நடப்பதற்கு என் உடம்பு தயாராக இல்லை. முழங்கால் முன்னால் போகத் துடித்தது. நாலு எட்டுக்கு ஒருமுறை அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. கிரேட்டே வைட்ஸின் கால்கள் ஐந்தரை மணி நேரம் என்ன பாடுபட்டிருக்கும் என்று அப்போது தோன்றியது. காகா வழியெங்கும் பேசிக்கொண்டே வந்தார், இந்த மாடியில் முன்பு யார் இருந்தார்கள், அந்த மரம் எப்போது வைத்தது என்று.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தொன்று. மாரத்தான் முடிந்த அந்த வாரம் புதன்கிழமை பாலத்தடியில் வழக்கம்போல், “நீ போ, நான் பைய வாரேன்” என்றாள். நான் போகவில்லை. “என்னட்டி, காலு வலிக்கா?” என்று கேட்டாள். இல்லையென்று சொல்லி அவள் பக்கத்திலேயே ஏறினேன். கைப்பிடிக்கு ஒரு கை, அடுத்த படிக்கு ஒரு கால், பிறகு அதே படிக்கு மறு கால். படி திரும்பும் இடத்தில் நின்றாள். முப்பது வருடமாக மேலிருந்து நான் கடிகாரத்தோடு பார்த்து, மூச்சு வாங்க நிற்கிறாள் என்று நினைத்த அதே இடம். அங்கே சுவரோரம் கூடையோடு ஒரு பூக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் சாக்கை நகர்த்தி இடம் விட்டாள். “இதான் எம் மவ” என்று அம்மா தமிழிலேயே சொன்னாள். அவள் மராத்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவளுடைய மூத்தவளுக்கு எந்த மாதம் பிரசவம் என்று அம்மா கைவிரலால் கேட்டாள், அவளும் விரல் மடக்கிக் காட்டினாள். மேலே போகிற கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. நானும் சாக்கில் ஓரமாக உட்கார்ந்தேன்.