உடைமையும் ஹக்கும்

விலை கொடுத்து வாங்கிய பொருள் நமக்கு உடைமையாகிறது. ஆயின், உயிருள்ள ஒன்றை வாங்கியவன் அதன் வாழ்வையும் வாங்கிவிட்டானா? கொடிய விலங்குகளைத் தனியார் வளர்ப்பதைத் தடுக்கும் சட்டங்கள் பெருகிவரும் இந்நாளில், இவ்வினா நம் சிந்தனைக்குரியது.

சோமாலியப் பகுதியில் தாயிடமிருந்து பிரிக்கப்படும் சிவிங்கிப்புலிக் குட்டிகள், கள்ளத்தனமாகக் கடல் கடந்து அரபு நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டன. வழியிலேயே மடிந்தவை பல. எஞ்சியவை செல்வர் மாளிகைகளில் பெருமைச் சின்னங்களாயின. ஐக்கிய அரபு அமீரகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக இத்தகைய விலங்குகளைத் தனியார் வைத்திருப்பதைத் தடைசெய்தது. விலங்குக் காட்சிச்சாலைகள், ஆராய்ச்சி நிலையங்கள் முதலியவற்றுக்கே அனுமதி உண்டு.

"தன் பொருளுக்கு வேளை தவறாமல் இறைச்சி ஊட்டி வளர்ப்பவனைத் தடுப்பது நீதியா?" எனச் சிலர் வினவலாம். அபூ உமைர் என்னும் சிறுவர் குருவி வளர்த்ததை நபி பெருமானார் (ஸல்) தடுக்கவில்லை என்பதும் உண்மையே. எனினும், பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழியையும் நாம் அறிவோம். அவள் உணவளிக்கவுமில்லை, அது தானே இரைதேட விடுவிக்கவுமில்லை. இங்கே இரு வழிகள் காட்டப்பட்டிருப்பதைக் கூர்ந்து நோக்குக. ஊட்ட இயலாதவன் விட்டுவிடலாம். மாளிகையில் வளர்ந்த சிவிங்கிப்புலிக்கோ அந்த இரண்டாம் வழி அடைபட்டது. தாயிடம் வேட்டை கற்காத அதனை விட்டுவிடுவதும் கொல்வதே.

2011 அக்டோபரில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சேன்ஸ்வில் நகரருகே, பண்ணை உரிமையாளர் ஒருவர் தம் விலங்குகளின் கூண்டுகளைத் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். ஊராரைக் காக்கக் காவலர் சுட்டதில் 18 புலிகளும் 17 சிங்கங்களும் உட்பட ஏறத்தாழ ஐம்பது விலங்குகள் மாண்டன. மறு ஆண்டே அம்மாநிலம் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. அந்த விலங்குகளுக்கு விடுதலையே மரணமாயிற்று.

எனவே, விடுவிக்கும் வழியை அடைத்தவன் உணவளித்தேன் என்று கூறித் தப்ப இயலாது. ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்), மனிதன் மீது விலங்குகளுக்குள்ள ஹக்குகளை வரிசைப்படுத்தியுள்ளார். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் உணவளித்தல், தீங்கு செய்வதோடு சேர்த்து வைக்காமை, நல்ல தங்குமிடம் தருதல், பருவத்தில் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தல் ஆகியன அவற்றுட் சில. உணவு அவற்றுள் ஒன்றே. பல காதம் ஓடித்திரிய வேண்டிய விலங்குக்கு ஏனையவற்றை எந்த மாளிகை அளிக்கும்?

இதே அளவுகோல் காட்சிச்சாலைகளுக்கும் பொருந்தும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991இல் திருத்தப்பட்டு, அவற்றை மேற்பார்வையிட 1992இல் மத்திய ஆணையமும் அமைந்தது. அச்சட்டப்படி வீட்டுத் திண்ணையில் பச்சைக்கிளியைக் கூண்டிலடைப்பதும் குற்றமே. அரசின் அனுமதி அரசின் தண்டனையிலிருந்து மட்டுமே நம்மைக் காக்கும். ஹக்கை நிறைவேற்ற இயலாதவன் அந்த அமானிதத்தை ஏற்காதிருப்பதே நேர்மை. வாய்பேசா உயிர்களைக் குறித்தும் நாம் விசாரிக்கப்படுவோம் என்பதை உணர்ந்து நடப்போமாக.