மோட்டார் மேளமும் மரியோ மெட்டும்

ஜவ்வாது மலையடிவாரத்திலும் சரி, தமிழ்நாட்டின் வேறு எந்த மூலையிலும் சரி, பல சின்னக் கோயில்களில் இப்போது தீபாராதனைக்கு மேளக்காரரைத் தேடுவதில்லை. சுவிட்சைத் தட்டினால் போதும். கம்பிச் சட்டத்துக்குள் மோட்டார் உறுமும், பெல்ட் சுழலும், குச்சி முரசில் விழும், சுத்தியல் மணியில் விழும். தாளம் பிசகாது. கற்பூரம் அணைந்தது மட்டும் அதற்குத் தெரியாது. யாராவது எழுந்து போய் நிறுத்தும்வரை அடித்துக்கொண்டே இருக்கும்.

அது அசல் மேளமா, போலியா?

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் இசை விஷயத்திலும் இதே வழக்குதான் நடக்கிறது. அந்த இசை பெரும்பாலும் பதிவு செய்யப்பட்டதல்ல. கருவிக்குள் இருந்த சிப் அந்தந்தக் கணத்தில் உண்டாக்கியது. 1982இல் வந்த கமடோர் 64 கம்ப்யூட்டரின் சிட் என்ற ஒலிச் சிப்பை வடிவமைத்தவர் பாப் யானெஸ். மூன்றே குரல்களை வைத்துக்கொண்டு இசையமைப்பாளர்கள் ஜாலம் காட்டினார்கள். இன்று அதன் வேலையை எமுலேட்டர் என்ற மென்பொருள் கணக்குப் போட்டே செய்துவிடுகிறது. சிப் இல்லாமல் ஜீவன் இல்லை என்பது ஒரு கட்சி. குறிப்புகள் சரியாக ஒலித்தால் அதுதான் இசை என்பது எதிர்க்கட்சி.

எமுலேட்டர் கட்சிக்காரர் தம்மை அறியாமலே மீமாம்சகராகிவிடுகிறார். ஒலி நித்தியமானது, தொண்டையும் கருவியும் அதை வெளிப்படுத்துகின்றன, அவ்வளவுதான் என்பது மீமாம்சைத் தத்துவம். நியாய மரபும் பௌத்தமும் இதை மறுத்தன. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் தருக்கம் சொல்லிக்கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளும் உதாரணமே இதுதான்: ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது குடத்தைப் போலச் செய்யப்படுவது. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு காஞ்சி வட்டாரத்துத் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. அந்த வாதத்தை மலைவரை இழுத்து வருவது ஒன்றும் பெரிய அத்துமீறல் அல்ல.

ஒலி செய்யப்படுவது என்றால் செய்யும் கருவிதான் முக்கியம் என்று ஆகும்; அதனால் குட வாதம் சிப் கட்சிக்குச் சாதகம்போலத் தோன்றும். ஆனால் 6581 என்ற எண்ணுள்ள சிட் சிப்பின் ஃபில்டர் சிப்புக்குச் சிப் மாறும். ஒரே மெட்டு இரண்டு வீட்டில் இரண்டு விதமாக ஒலித்தது. எந்தக் குடம் அசல்?

நம் ஊர்க் கதை இன்னும் வேடிக்கை. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'டிவி கேம்' என்று விளையாடியவை பெரும்பாலும் நின்டெண்டோ கருவியின் மலிவு நகல்கள். 1985இல் கோஜி கோண்டோ இசையமைத்த சூப்பர் மரியோ நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும் ஜப்பானிய டிவிக்காக எழுதப்பட்டது. நம் டிவியோ 50 முறை. அதற்கேற்ப ஓடிய நகல்களில் மெட்டு ஆறில் ஒரு பங்கு மந்தமானது. போதாக்குறைக்கு, பல நகல் சிப்புகளில் சதுர அலைகளின் இரண்டு அமைப்புகள் இடம் மாறிக் கிடந்ததால் குரலின் நிறமே வேறு. அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இன்று ஜப்பானிய அசல் ஏதோ அவசரப்படுவதுபோலத்தான் கேட்கும். சில எமுலேட்டர்களில் அந்த நகலின் கோளாறையும் நகலெடுக்க ஒரு தெரிவு இருக்கிறது. பிழையைப் பிழையில்லாமல் செய்துதருகிறார்கள்!

மோட்டார் மேளத்துக்கு வருவோம். வன்பொருள்தான் அசல் என்றால் அதைக் குறை சொல்ல வழியே இல்லை. முரசு நிஜம், மணி நிஜம், அடியும் நிஜம். ஸ்பீக்கரில் ஒலிக்கும் நாதஸ்வரப் பதிவுதான் போலி. ஆனாலும் கோயிலுக்கு வரும் பாட்டி இரண்டையும் ஒரே தட்டில்தான் வைப்பார். அவர் தேடுவது ஒலி பிறக்கும் பொருளை அல்ல. கற்பூரத் தட்டு மேலே எழும்போது கண்ணால் பார்த்துக் காலம் கூட்டி, இறங்கும்போது கையை நிறுத்தும் ஓர் ஆளை. கைங்கரியம் என்ற சொல், வேர் வேறு என்றாலும், காதுக்குக் கையில்தான் தொடங்குகிறது.

திருவிழா நாளில் மட்டும் தவில்காரர் வந்து உட்காருகிறார். அன்றைக்கு மோட்டார் மேளத்தின்மேல் யாரோ துண்டைக் காயப்போட்டிருக்கிறார்கள்.