தேதி கேட்கும் பெட்டி

சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் விளையாட்டுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, டிவியில் இணைத்தால் உடனே ஆட்டம் வராது. இன்று என்ன தேதி என்று கேட்கும். உள்ளே கடிகாரத்தை ஓட்டிய சின்னப் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். நாம் சொல்லும்வரை அதன் கணக்கில் அன்று 1998 நவம்பர் 27, ஜப்பானில் அது விற்பனைக்கு வந்த நாள்.

அதன் கன்ட்ரோலரில் செருகும் வி.எம்.யூ. என்ற மெமரி கார்டை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான். மெமரி கார்டு என்றால் பேசாமல் கிடக்க வேண்டிய பொருள். இதற்கோ தனக்கென்று ஒரு குட்டித் திரை, பொத்தான்கள். 48-க்கு 32 புள்ளிகள், அவ்வளவுதான் திரை. அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எதிராளி பார்க்காதபடி உங்கள் வியூகத்தை அதில் தேர்ந்தெடுக்கலாம். சோனிக் அட்வெஞ்சரில் வளர்க்கும் சாவோ என்ற பிராணியை அதில் இறக்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றலாம். இரண்டு பட்டன் பேட்டரிகளை வெகு சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். தீர்ந்தபின் பெட்டியைப் போடும்போதெல்லாம் கீச்சென்று கத்தும். (அந்தச் சத்தத்தை வடிவமைத்தவர் தன் வீட்டில் கேட்டிருக்க மாட்டார்!)

ஆனால் கத்தினாலும் சேமித்த ஆட்டம் அழியாது. ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதியது எழுதியதுதான், அதைக் காக்க மின்சாரம் வேண்டாம். கடிகாரத்துக்குத்தான் நொடி தவறாமல் வேண்டும்.

கம்பெனியின் கதையும் இதுவே. 2000 மார்ச்சில் டிவிடியும் போடும் பிளேஸ்டேஷன் 2 வந்தது. சந்தையில் அன்றாடம் நின்று பிடிக்கச் சேகாவிடம் பணமில்லை. 2001 ஜனவரி கடைசியில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. தலைவர் இசாவோ ஒகாவா, தனக்கு வரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்து, தன் பங்குகளையும் கம்பெனிக்கே கொடுத்துவிட்டு, அந்த ஆண்டு மார்ச்சில் இறந்தார்.

நிகழ்காலத்தில் நிற்கத்தான் ஓயாத செலவு. நடந்து முடிந்தது பதிந்துவிட்டால் நம்மிடம் காலணா கேட்பதில்லை. நாமோ ஞாபகத்தைத் தேதியைக் கொண்டே அளக்கிறோம். வீட்டுப் பெரியவர் கிழமையை மறந்தால், எல்லாம் போயிற்று என்று முடிவுகட்டிவிடுகிறோம். அவருடைய கல்யாணப் பந்தியில் யார் கோபித்துக்கொண்டு எழுந்துபோனார் என்று கேட்டுப் பாருங்கள், எதற்காக என்பதையும் சேர்த்தே சொல்வார்.

பழைய ட்ரீம்காஸ்ட் கிடைத்தால் தூக்கிப்போடாதீர்கள். தேதி கேட்டால் சொல்லிவிடுங்கள். அதற்குத் தெரியாதது அது ஒன்றுதான்.