மறைத்தால் பொய்யாகுமா?



ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு வயது இருபத்து மூன்று. தொழிற்பயிற்சி முடித்தவன், கை வேலையில் கெட்டிக்காரன். பதினாலாம் வயதில் அவனுக்கு வலிப்பு நோய் கண்டது. மருந்து தவறாமல் சாப்பிடுகிறான்; மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. இப்போது ஒரு கம்பெனி வேலைக்கு மனு எழுத உட்கார்ந்திருக்கிறான். நாட்பட்ட வியாதி ஏதேனும் உண்டா என்று மனுவில் ஒரு கேள்வி. "இல்லை என்று எழுது ராசா. உண்டு என்று எழுதினால் எவன் வேலை கொடுப்பான்?" என்கிறாள் தாய். "பொய்யெழுதிக் கையெழுத்துப் போடலாமா?" என்கிறார் தகப்பனார். யார் சொல்வது சரி?

இருவரும் அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் இருவரும் ஒரு காரியத்தை மறந்துவிடுகிறார்கள். பொய் சொல்வது ஒன்று; சொல்லாதிருப்பது வேறொன்று. இந்த வித்தியாசத்தைத் தெளிவாய் அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் நோயைப் பற்றி நாலு வார்த்தை. மூளையின் நரம்பணுக்களில் ஓடும் மின்சாரம் சிறிது நேரம் தாறுமாறாவதால் வருவது வலிப்பு. அது பேயுமல்ல, சாபமுமல்ல, தொத்து வியாதியுமல்ல. கிறீஸ்து பிறப்பதற்குச் சுமார் 400 வருஷங்களுக்கு முன்பே, கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் ஒரு நூல், இந்நோய் மற்ற வியாதிகளைவிடத் தெய்வீகமானதல்ல, மூளையிலிருந்தே உண்டாவது என்று வாதித்தது. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 100-க்கு 70 பேர் வரையில் வலிப்பின்றி வாழலாமென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. ஆகையால் "வலிப்பு உண்டு" என்கிற இரண்டு வார்த்தை ஒரு மனிதனுடைய தகுதியைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. எவ்வகை வலிப்பு, கடைசியாக எப்போது வந்தது, தூக்கத்தில் மாத்திரம் வருமா, முன்னறிகுறி உண்டா, மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்பவைதான் பேச வேண்டிய விஷயங்கள்.

ஆனாலும் நம் குடும்பங்கள் மறைப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. இந்து திருமணச் சட்டமும் விசேஷ திருமணச் சட்டமும் 1999-ஆம் வருஷம் வரையில் அடிக்கடி வரும் வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்து விவாகத்துக்குத் தடையாக வைத்திருந்தன. சட்டம் மாறிவிட்டது, ஊர் வாய் மாறவில்லை. ஆபீசில் சொன்ன சங்கதி கல்யாணத் தரகர் காதுக்குப் போகும், தங்கச்சியின் சம்பந்தமும் தட்டிப்போகும் என்று தாய் பயப்படுகிறாள். அந்தப் பயத்தைப் பரிகசிக்க யாருக்கும் உரிமையில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். எட்டாம் கற்பனை பொய்யை விலக்குகிறது. பிறனை ஆபத்திலிருந்து தப்புவிப்பதற்காகக்கூடப் பொய் சொல்லலாகாது என்று படிப்பிக்கிறார் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ். ஆனால் அதே இடத்தில், உண்மையை விவேகத்தோடு மூடிவைப்பது தகும் என்றும் அவர் சேர்த்துச் சொல்லுகிறார். எல்லா உண்மையையும் எல்லாருக்கும் சொல்ல நாம் கடன்பட்டவர்களல்ல. ஒருவனுடைய உடல்நிலை அவனுக்கு இயல்பாகவே உரிய இரகசியம். அந்தரங்கத்தைக் காத்துக்கொள்வது ஒவ்வொரு குடிமகனுடைய அடிப்படை உரிமை என்று நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் கூடி 2017-ஆம் வருஷம் தீர்ப்பளித்ததும் இந்த எண்ணத்துக்கு ஒத்ததே.

அப்படியானால் எப்போது சொல்ல வேண்டும்? விற்பதையும் வாங்குவதையும் பற்றி எழுதும்போது அதே வேதபாரகர் நமக்கு உதவியான ஒரு நியாயம் காட்டுகிறார். விற்கிற பொருளில் கண்ணுக்குத் தெரியாத குறையிருந்து, அதனால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வருமானால், விற்கிறவன் அதைச் சொல்லியே ஆக வேண்டும். நொண்டிக் குதிரையை ஓட்டக் குதிரையென்றும், விழப்போகிற வீட்டை உறுதியான வீடென்றும் விற்பது அநீதி. ஆனால் அந்தக் குறையைத் தண்டோராப் போட்டு ஊருக்கெல்லாம் அறிவிக்கும் கடமை அவனுக்கில்லை. குறையை முதலில் கேட்டவர்கள், பொருளின் நல்ல குணங்களை அறியாமலே பயந்து போய்விடுவார்கள் அல்லவா? வாங்க வருகிறவனிடம் தனியே சொன்னால் போதும். அவன் நல்லதையும் குறையையும் சேர்த்து நிறுத்துப் பார்ப்பான்.

மனிதன் சந்தைச் சரக்கல்ல; நோய் குற்றமுமல்ல. ஆயினும் இந்த நியாயத்திலிருந்து இரண்டு விதிகள் நமக்குக் கிடைக்கின்றன. பிறருக்கு ஆபத்துண்டானால் சொல்லியாக வேண்டும். சொல்வதைத் தகுந்த ஆளிடம், தகுந்த சமயத்தில் சொல்ல வேண்டும்.

ஆபத்து என்று எதைச் சொல்கிறோம்? பஸ் ஓட்டுவது, கிரேன் இயக்குவது, உயர்ந்த சாரத்தில் நிற்பது, மின்கம்பம் ஏறுவது, கடலில் தனியே படகு செலுத்துவது, இவைபோன்ற வேலைகளில் சில விநாடி நினைவு தப்பினாலும் உயிர் போகும். இங்கே எட்டாம் கற்பனையோடு ஐந்தாம் கற்பனையும் பேசுகிறது. ஓட்டுநர் உரிமத்துக்கான உறுதிமொழிப் படிவம், வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று நேராகவே கேட்கிறது. அதில் "இல்லை" என்று பொய் எழுதுகிறவன், தெருவில் போகிற யாரோ ஒருவருடைய குழந்தையைப் பணயம் வைக்கிறான். வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்பது மெய். அதற்கு அடுத்த வீட்டு உயிர் விறகாகக் கூடாது. வைத்தியருடைய இரகசியக் கடமையும் இந்த எல்லையில் நின்றுவிடும். இன்னொருவர் உயிருக்கு ஆபத்திருந்தால் அந்த இரகசியம் வழிவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-ஆம் வருஷம் எச்.ஐ.வி. சம்பந்தமான ஒரு வழக்கில் சொன்னது.

ஆனால் கணக்கெழுதுவது, தைப்பது, பாடம் நடத்துவது, கம்ப்யூட்டரில் வேலை செய்வது முதலியவற்றில் இப்படிப்பட்ட ஆபத்தில்லை. அங்கே கேளாத கேள்விக்கு வலியப் போய்ப் பதில் சொல்லும் கடமையுமில்லை. வாய் திறவாதிருப்பது அங்கே பாவமல்ல.

சமயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் 1990-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்லுமுன் முதலாளி ஒருவனுடைய நோயை விசாரிக்கலாகாது. பிரிட்டனின் 2010-ஆம் வருஷத்துச் சட்டமும், சில விலக்குகள் நீங்கலாக, அப்படியே. முதலில் ஆளின் திறமையைப் பார், பிறகு அவன் உடலைக் கேள் என்பதுதான் இதன் கருத்து. நம் நாட்டில் 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. வலிப்பு நோய் அதில் தனியே பெயர் சொல்லப்படவில்லை. ஆகவே நம் பிள்ளைக்குச் சட்டத்தின் வேலி மெல்லியது. முதலாளியின் மனச்சாட்சியைத்தான் அவன் பெரிதும் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த மனுவுக்குப் பதில் சொல்லலாம். "இல்லை" என்று எழுதலாகாது; அது பொய், கையெழுத்திட்ட பொய். பின்னால் தெரியவந்தால் வேலையும் போகும், நம்பிக்கையும் போகும். "வைத்தியப் பரிசோதனையில் தெரிவிக்கிறேன்" என்று எழுதலாம். அல்லது அந்த இடத்தை வெறுமையாய் விடலாம். தேர்வான பின்பு, தன்னுடைய டாக்டர் தந்த கடிதத்தோடு போய்க் கம்பெனி வைத்தியரிடமோ பொறுப்பான அதிகாரியிடமோ தனியே சொல்லட்டும். எவ்வளவு காலமாக வலிப்பில்லை, எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்று அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். ஓடும் இயந்திரத்தருகே நிற்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னால், அவ்வேலையை அவன் ஒப்புக்கொள்ளவே கூடாது.

இப்படிச் சொல்வதால் அவனுக்கும் நன்மையுண்டு. தூக்கம் கெட்டாலும் மாத்திரை தவறினாலும் வலிப்பு வரக்கூடும். நோயைச் சொல்லாதவன் இராத்திரி ஷிப்டு வேண்டாமென்று எந்தக் காரணம் காட்டிக் கேட்பான்? பிறர் பார்ப்பார்களே என்று வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்துவது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. பக்கத்தில் வேலை செய்யும் ஒருவருக்காவது தெரிந்திருந்தால், வலிப்பு வந்தபோது கையில் இரும்புச் சாவியைத் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், அடிபடாதபடி பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வைப்பார். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்.

"சாமி, பொய் சொன்னவனுக்கு வேலை கிடைத்தது, இடத்தை வெறுமையாய் விட்டவனுக்குக் கிடைக்கவில்லையே?" என்று கேட்பீர்கள். அப்படியும் நடக்கும். உண்மைக்குச் சில சமயம் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதை ஏழை கொடுக்க நேர்வது கொடுமை. ஆனால் அந்தப் பாவம் யாரைச் சேரும் என்பதில் சந்தேகம் வேண்டாம். தகுதியுள்ளவனை, வேலைக்குத் தடையில்லாத ஒரு நோயின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் திருப்பியனுப்புகிறவன் நீதிக்கு விரோதமாய் நடக்கிறான். நம் பங்கிலும் கடை வைத்திருப்போர், பட்டறை நடத்துவோர், ஆபீசுகளில் ஆள் எடுக்கும் பொறுப்பிலிருப்போர் உண்டு. அவர்கள் வேலைக்கு அவசியமானதை மாத்திரம் கேட்கட்டும். கேட்டதைப் பூட்டி வைக்கட்டும். நம்பிச் சொன்ன இரகசியத்தை டீக்கடையில் அவிழ்க்கிறவன் பிறனுடைய நல்ல பெயரைத் திருடுகிறான். திருட்டுக்குப் பாவசங்கீர்த்தனம் மாத்திரம் போதாது. கெடுத்த பெயரைச் சரிசெய்யவும் அவன் கடன்பட்டிருக்கிறான்.

வலிப்பினால் தீயிலும் தண்ணீரிலும் விழுந்த ஒரு பையனைப் பற்றி அர்ச். மாற்கு தம் சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். இது எவ்வளவு காலமாய் இருக்கிறதென்று சேசுநாதர் சுவாமி தகப்பனைக் கேட்டார். சிறுவயது முதல் என்று தொடங்கி, அவன் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். அத்தனை ஜனங்கள் கூடியிருந்தும் அவனுக்குக் கூச்சமில்லை. கேட்டவர் தள்ளிவிடுவதற்காகக் கேட்கவில்லை, தூக்கிவிடுவதற்காகக் கேட்கிறார் என்று அவன் உணர்ந்தான்.

பிள்ளைகள் மெய் பேச வேண்டுமென்று விரும்புகிறோம். மெய்யைக் கேட்கத் தகுதியுள்ளவர்களாய் நாம் இருக்கிறோமா என்பதையும் பார்ப்போம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மாத்திரையைப் பற்றி யாரேனும் நம் காதில் ஓதினால், அந்தப் பேச்சு நம்மோடு நிற்கட்டும்.