வாடகை வீடும் அமானத்தே

 

தொழுகிறோம், நோன்பு நோற்கிறோம், ஜகாத்தும் கொடுக்கிறோம். ஆனால், ஒரே கூரையின் கீழ் நம்முடன் தங்குபவரின் ஹக்கைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

பங்சார் வட்டாரத்தில் ஒருவர் முழு வீட்டையும் வாடகைக்கு எடுக்கிறார். சுமை தாங்காமல் அறைகளைப் பிறருக்கு விடுகிறார். வீட்டுக்காரருக்கு இது தெரியாது. தெரிய வந்ததும் தகராறு மூளுகிறது. ஒப்பந்தமும் ரசீதும் இல்லாத அறைவாசி, கொடுத்த முன்பணத்தையும் இழந்து தெருவில் நிற்கிறார்.

இச்சிக்கல் புதியதன்று. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31 வரை கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்தது. ஏழைகளுக்கு அது நிழலாக இருந்தது. எனினும், பழைய கடைவீடுகளை எடுத்த தலைமை வாடகைக்காரர் சிலர், வீட்டுக்காரருக்குச் சொற்ப வெள்ளி கொடுத்துவிட்டு, தடுப்பறைகளில் குடியிருந்தவர்களிடம் பன்மடங்கு வாங்கினர். 1997-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்காலப் பாதுகாப்பும் 1999 டிசம்பர் 31-உடன் முடிந்தது. சட்டம் போட்ட வேலி போயிற்று; மார்க்கம் போட்ட வேலி போகவில்லை.

வாடகை என்பது மார்க்கத்தில் இஜாரா. வீடு கைமாறுவதில்லை; குறித்த தவணைக்கு அதன் பயன் மட்டுமே கைமாறுகிறது. ஆகவே வீடு நம் கையில் அமானத். செய்த ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயம் தன் முதல் வசனத்திலேயே முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. பிறரைத் தங்கவைக்கக் கூடாதென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர், மறைவாக அறையை விட்டால் அது வாக்கை முறிப்பதாகும்.

வீட்டுக்காரருக்கும் வரம்புண்டு. பிறர் வசிக்கும் வீட்டினுள் அனுமதியின்றி நுழைவதை அந்நூர் அத்தியாயம் தடுக்கிறது. தவணை முடிந்தும் தங்கியிருக்கும் வாடகைக்காரரை நீதிமன்றத்தின் வழியாகவே வெளியேற்ற வேண்டுமென்று நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. கோபத்தில் பூட்டை மாற்றுவது நியாயமாகாது.

சகோதரர்களே! அறை விடுமுன் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெறுவோம். வாங்கிய முன்பணத்துக்கு ரசீது கொடுப்போம்; உரிய நாளில் திருப்பிக் கொடுப்போம். அறைவாசியாக இருந்தால், தவணை தவறாமல் வாடகையைச் செலுத்துவோம். சொல்லாமல் இன்னொருவரைக் கூட்டி வராதிருப்போம்.

சாட்சியின்மையால் நீதிமன்றத்தில் தப்பிவிடலாம். மறுமையிலோ, ஹக்குக்குரியவரே எதிரில் நிற்பார். அந்நாளின் கேள்விக்கு அஞ்சி நடக்க அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.